கோரைக்கிழங்கும் குழந்தையின் வயிற்றுப்போக்கும்



வயலிலும் வாய்க்கால் ஓரத்திலும் கேட்பாரில்லாமல் முளைக்கும் கோரையை நீங்கள் நன்கு அறிவீர்கள். "பிடுங்கப் பிடுங்க வருதே!" என்று களையெடுக்கும்போது அலுத்துக்கொள்வீர்கள். மண்ணுக்குள் அதன் கிழங்குகள் மணி கோத்தாற்போல் தொடர்ந்திருக்கும். ஒன்று தங்கிவிட்டாலும் மறுபடி முளைக்கும். தண்டு மூன்று பட்டையாக இருக்கும். பாய் நெய்யும் கோரை இதே இனம். ஆனால் செடி வேறு.

களையும் மருந்தாகும்

கிழங்கு வெளியே கறுப்பு, உள்ளே வெண்மை, வாசனை உள்ளது. முத்தக்காசு என்றும் சொல்வார்கள். காய்ச்சல், செரியாமை, வயிற்றுப்போக்கு ஆகியவற்றுக்குச் சித்த மருத்துவத்தில் இதைச் சேர்ப்பதுண்டு. நிலவேம்புக் குடிநீரின் 9 சரக்குகளில் இதுவும் ஒன்று. குளியல் பொடியிலும் சேரும். தாய்ப்பால் சுரக்க மார்பில் அரைத்துப் பற்றுப் போடுவதும் உண்டு. அப்படிப் போட்டால், நன்றாகக் கழுவிய பிறகே பால் கொடுங்கள்.

களைக்கொல்லி தெளித்த வயலிலும் சாக்கடை ஓரத்திலும் கிழங்கு தோண்டாதீர்கள்.

குழந்தைக்குக் கொடுக்கலாமா?

"கோரைக்கிழங்கையும் இஞ்சியையும் அரைச்சுத் தேன்ல குடு, நின்னுடும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். அக்கறையாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது. மேலும், வயிற்றுப்போக்கில் உயிருக்கு ஆபத்து எதனால்? உடம்பிலுள்ள நீரும் உப்பும் வெளியேறுவதால். போன நீரை எந்தக் கிழங்கும் திருப்பித் தராது. மருந்து அரைக்கும் நேரத்தில் குழந்தை வாடிவிடும்.

உடனே செய்ய வேண்டியவை

1. தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். அடிக்கடி கொடுங்கள்.

2. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் முழுவதையும், கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். ஒவ்வொரு முறை வயிற்றால் போன பிறகும் கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குமேல் வைக்காதீர்கள்.

3. பொட்டலம் கையில் இல்லையா? 1 லிட்டர் தண்ணீரில் 6 சிறு கரண்டி சர்க்கரை, அரைச் சிறு கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்து கரையுங்கள். உப்பு கூடிவிடக் கூடாது.

4. சுகாதார நிலையத்தில் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாள் கொடுங்கள்.

தாமதிக்காதீர்கள்

கண் குழி விழுதல், சிறுநீர் குறைதல், மலத்தில் இரத்தம், குடிக்க முடியாமை, சோர்ந்து கிடத்தல் — இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வண்டி இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். வழியிலும் கரைசலை நிறுத்தாதீர்கள்.

பெரியவர்களுக்குக் கோரைக்கிழங்கைச் சித்த மருத்துவரைக் கேட்டுப் பயன்படுத்துங்கள். பேதியாகும் பிள்ளைக்கு முதல் மருந்து நீர்தான்!