மழைக்குப் பின் தொங்கும் தக்காளி இலை: தாகம் அல்ல!

இரண்டு நாள் அடைமழை. தண்ணீர் தேங்கிய வயலில் தக்காளி இலைகள் தொங்குகின்றன. வாட்டம் என்று நினைத்து, மேல்மண் காய்ந்ததுமே மறுபடி பாய்ச்சுபவர்கள் உண்டு. செடி கெடுவது அங்கேதான்.

காற்றில்லாமல் திணறும் வேரில் உண்டாகும் ஒரு பொருள் மேலேறி, எத்திலீன் வாயுவாக மாறுகிறது. அதனால் இலைக்காம்பின் மேல்பக்கம் வேகமாக வளர்ந்து, காம்பு கீழே வளைகிறது. தொட்டாலே தெரியும்: தாகத்தில் வாடிய இலை துவண்டிருக்கும், இது ஆரம்பத்தில் விறைப்பாகவே இருக்கும்.

மிளகாய், பருத்தியில் எத்திலீன் இலையை உதிர்த்தும் விடும். இலையிலிருந்து ஆக்சின் இறங்கிக்கொண்டிருக்கும்வரை காம்பின் அடி கெட்டியாக இருக்கும். அது குறைந்தால் பிடி தளர்ந்து இலை கழன்றுவிடும்.

எனவே முதலில் வடிகால் வெட்டித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும். உரமெல்லாம் வேர் மூச்சு விட்ட பிறகு.