சுவரில் தொங்கும் படமும் கடற்காற்றும்

நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே, கடலுக்குள் நீண்டு நிற்கும் பாறைகளும் மேட்டின்மேல் கலங்கரை விளக்கமும் கொண்ட ஊர் முட்டம். திரைப்படங்கள் பலவற்றில் இந்தக் கரையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே கடலைப் பார்த்த ஒரு வீட்டின் முன்னறையை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். சுவரின் நடுவில் இயேசுவின் திருவிருதயப் படம். அதன் அருகே திருமணப் படம் ஒன்று. மகனின் புதுநன்மைப் படம் ஒன்று. வள்ளத்தின் பக்கத்தில் நிற்கும் தந்தையின் படம் ஒன்று. இந்த மூன்றிற்கும் சட்டமோ கண்ணாடியோ இல்லை. ஒன்றைக் குண்டூசி தாங்குகிறது. மற்றவற்றைச் செல்லோடேப்பு தாங்குகிறது.

சில ஆண்டுகள் கழித்து அதே சுவரைப் பாருங்கள். ஒரு படத்தின் விளிம்புகள் சுருண்டிருக்கும். குண்டூசியைச் சுற்றித் துரு படிந்திருக்கும். திருமணச் சேலையின் நிறம் வெளுத்திருக்கும். தந்தையின் முகத்தில் புள்ளி புள்ளியாகக் கறை தோன்றியிருக்கும். "உப்புக்காற்று தின்றுவிட்டது" என்று வீட்டார் சொல்வார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மை அன்று. நாம் கண்ட நான்கு கேடுகளுக்கும் காரணங்கள் வெவ்வேறு. அவற்றை அறிந்துகொண்டால், சட்டம் போடாத படத்தையும் சுவரில் நெடுநாள் வைத்திருக்க இயலும்.

படத்திற்குள் என்ன இருக்கிறது?

பழைய கறுப்பு-வெள்ளைப் படம் ஒன்றைக் குறுக்கே வெட்டி, உருப்பெருக்கியில் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். அடியில் காகிதம் இருக்கும். அதன்மேல் பேரியம் சல்பேட்டு கலந்த வெண்பூச்சு. எல்லாவற்றிற்கும் மேலே ஜெலட்டின் என்ற மெல்லிய ஏடு. நாம் காணும் உருவம், அந்த ஜெலட்டினுக்குள் சிதறிக் கிடக்கும் வெள்ளித் துகள்களே ஆகும். விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் இந்த ஜெலட்டினைப் புகைப்படத் தகட்டுக்குப் பயன்படுத்தலாம் என்று 1871-இல் காட்டியவர் ரிச்சர்டு லீச் மேடாக்ஸ் என்ற ஆங்கில மருத்துவர்.

வண்ணப் படத்தில் வெள்ளி இராது. கழுவும்போதே அது நீக்கப்பட்டுவிடும். ஜெலட்டினில் எஞ்சுவன மூன்று சாயங்கள்: சயான் எனும் நீலப்பச்சை, மெஜந்தா எனும் ஊதாச்சிவப்பு, மஞ்சள். காகிதத்தின் இரு புறமும் பாலித்தீன் பூச்சு இருக்கும். இன்று மைத்தெளிப்பு அச்சுப்பொறியில் எடுக்கப்படும் படங்களோ வேறு வகை. அவற்றில் மை, காகிதத்தின் மேற்பூச்சில் ஊறி நிற்கிறது.

விளிம்பு ஏன் சுருள்கிறது?

ஜெலட்டின் நீரை விரும்பும் பொருள். காற்றில் ஈரம் மிகும்போது அதை உறிஞ்சி உப்புகிறது. ஈரம் குறையும்போது சுருங்குகிறது. அடியிலுள்ள காகிதமோ அதே அளவில் உப்புவதும் இல்லை, சுருங்குவதும் இல்லை. ஒட்டிப் பிறந்த இரு ஏடுகளில் ஒன்று மட்டும் அதிகமாகச் சுருங்கினால் என்ன ஆகும்? வெயிலில் காயும் அப்பளம்போல் விளிம்பு எழும்பும்.

குமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் பகுதி. ஆகவே இங்குள்ள படம் ஆண்டில் பலமுறை உப்பிச் சுருங்குகிறது. நான்கு மூலைகளையும் நாடாவால் இறுக்கி ஒட்டிய படத்திற்கு அசைய இடமில்லை. அதனால் நடுவில் அலை அலையாகப் புடைக்கிறது. நாளடைவில் ஜெலட்டினில் நுண்ணிய வெடிப்புகளும் விழுகின்றன.

உப்பு செய்யும் வேலை

கடல்நீரில் கரைந்துள்ள உப்புகள் ஏறத்தாழ 3.5 விழுக்காடு. அவற்றில் முக்கால் பங்குக்கு மேல் நாம் உண்ணும் சோடியம் குளோரைடு. மெக்னீசியம் குளோரைடும் ஓரளவு உண்டு. அலை பாறையில் மோதும்போது தெறிக்கும் நுண்துளிகளைக் காற்று சுமந்துவந்து வீட்டுச் சுவரிலும் படத்திலும் படிய வைக்கிறது.

காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். மெக்னீசியம் குளோரைடுக்கு ஏறத்தாழ 33 விழுக்காடே போதும்! அதாவது, நமக்குக் காற்று உலர்ந்திருப்பதாகத் தோன்றும் நாளிலும் கடலுப்பு படிந்த படத்தின் முகம் ஈரமாகவே இருக்கும். இதை நீங்களே சோதிக்கலாம். ஒரு தட்டில் கல்லுப்பையும், மற்றொன்றில் கடையில் விற்கும் தூய்மை செய்த உப்புத்தூளையும் மழைக்காலத்தில் திறந்து வையுங்கள். எது முதலில் கசிகிறது என்று பாருங்கள்.

இந்த ஈர உப்பு, இரும்புக் குண்டூசியை விரைவில் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு காகிதத்தில் ஊறிவிட்டால் அதை நீக்குவது அரிது.

புள்ளிகளும் பூச்சிகளும்

ஒப்பு ஈரப்பதம் 65 - 70 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூசணம் வளரத் தொடங்குகிறது. ஜெலட்டின் ஒரு புரதம் அல்லவா? அது பூசணத்திற்கு நல்ல உணவு. கரப்பான் பூச்சியும் இராமபாணப் பூச்சியும் அதைச் சுரண்டித் தின்னும். மைதாப் பசையால் ஒட்டிய படம் என்றால் அவற்றிற்கு இரட்டை விருந்து.

இங்கே ஓர் எச்சரிக்கை. பூசணம் பிடித்த படத்தை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது. பூசணம் சுரக்கும் நொதிகள் ஜெலட்டினைச் சிதைத்து, நீரில் கரையக்கூடியதாக ஆக்கிவிடும். நீங்கள் துடைப்பது பூசணத்தை மட்டுமல்ல. முகத்தையும் சேர்த்தே துடைத்துவிடுவீர்கள். நிழலில், காற்றோட்டத்தில் நன்கு உலரவிட்டு, பிறகு வீட்டுக்கு வெளியே மென்மையான தூரிகையால் மெல்லத் தட்டிவிடுவதே சரியான முறை.

ஒளி எனும் மெல்லிய எதிரி

ஒளி படத்தை உருவாக்கியது. அதே ஒளிதான் அதை அழிக்கவும் செய்கிறது. சாய மூலக்கூறு ஒளியின் ஆற்றலை ஏற்று உடைகிறது. உடைந்தது மீண்டும் ஒட்டாது. கேட்டின் அளவு, ஒளியின் வலிமையையும் அது விழும் நேரத்தையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தது.

ஒரு கணக்குப் போடுவோம். வீட்டின் உட்சுவரில் ஒளி 200 லக்ஸ் எனக் கொள்வோம். நாளொன்றுக்கு 10 மணி நேரம் என்றால் 2,000 லக்ஸ்-மணி. நண்பகல் நேர்வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். ஆக, நேர்வெயிலில் ஒரு மணி நேரம் வைத்த படம், உட்சுவரில் 50 நாள் பெறும் ஒளியைப் பெற்றுவிடுகிறது! மேற்குச் சன்னல் வழியாக வரும் அந்தி வெயில் வலிமை குறைந்ததே. ஆயினும் அது நாள்தோறும் ஒரே இடத்தில் விழுவதை மறக்கலாகாது. அருங்காட்சியகங்களில் பழம்படங்களை 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில் வைப்பதன் காரணம் இப்போது விளங்கும்.

மூன்று சாயங்களும் ஒன்றுபோல் மங்குவதில்லை. வெளிச்சத்தில் பெரும்பாலும் மெஜந்தா முந்திக்கொண்டு வெளுக்கும். இருட்டிலோ, 1970-களில் எடுத்த படங்களில், சயான் முதலில் மறைந்தது. அந்தக் காலத்துத் திருமண ஆல்பங்கள் பெட்டிக்குள் இருந்தும் செக்கச் சிவந்துபோனது இதனால்தான். பின்னர் வந்த காகிதங்களில் சாயங்களின் நிலைப்பு வெகுவாக உயர்ந்தது.

கறுப்பு-வெள்ளைப் படத்தின் வெள்ளி ஒளிக்கு அஞ்சாது. அதன் பகைவர்கள் கந்தகமும் ஈரமும். இந்தச் சிக்கல் புகைப்படக் கலையின் தொடக்கக் காலத்திலேயே தலைகாட்டியது. படங்கள் மங்குவதேன் என ஆராய 1855-இல் இலண்டன் புகைப்படச் சங்கம் ஒரு குழுவையே அமைத்தது. படத்தைச் சரிவரக் கழுவாமையால் தங்கிவிடும் ஹைப்போவும், காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களும், ஈரமும் காரணம் என அக்குழு கண்டது. உங்கள் தாத்தாவின் படம் திட்டுத் திட்டாக மஞ்சளித்திருந்தால், அன்று போதிய தண்ணீரில் அதை அலசவில்லை என்று ஐயுறலாம்.

கண்ணாடி போட்டால் தீருமா?

"அப்படியானால் எல்லாப் படங்களுக்கும் சட்டம் போட்டுவிடலாமே" என்று கேட்பீர்கள். கண்ணாடி தூசியையும் உப்பையும் கைபடுவதையும் தடுக்கும், இதில் ஐயமில்லை. ஆனால் சாதாரணக் கண்ணாடி புற ஊதாக் கதிர்களில் ஒரு பகுதியையே தடுக்கிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுப்பதே இல்லை. அன்றியும், படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் மழைக்காலத்தில் இளகிய ஜெலட்டின் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் உருவம் கண்ணாடியோடு வந்துவிடும். கடலோரத்தில் சட்டம் போடுவதானால், படத்திற்கும் கண்ணாடிக்கும் நடுவே அட்டைச் சட்டகம் வைத்து இடைவெளி விட வேண்டும்.

பிளாஸ்டிக் உறையில் சூடேற்றி ஒட்டும் லேமினேஷனும் முழுத் தீர்வு அன்று. ஒருமுறை ஒட்டினால் மீண்டும் பிரிக்க இயலாது. விளிம்பில் ஈரம் புகுந்தால் உள்ளேயே தங்கிவிடும். சட்டம் இல்லாத படத்திற்கு ஒரு நன்மை உண்டு: அது காற்றாட இருக்கிறது. அந்த நன்மையைக் கெடுக்காமல் மாட்டுவதே நம் வேலை.

எப்படி மாட்டலாம்?

முதலில் சுவரைத் தேர்ந்தெடுங்கள். கடலைப் பார்த்த வெளிச்சுவர் மழைச் சாரலை வாங்கி ஈரம் கசியும். புதிதாகப் பூசிய சுவரிலும் ஈரமும் சுண்ணாம்பின் காரமும் இருக்கும். எனவே இரு அறைகளுக்கு இடைப்பட்ட உட்சுவரே ஏற்றது. அடுப்புப் புகையும் சன்னல் வெயிலும் படாத இடமாக இருக்கட்டும்.

படத்தில் ஊசியோ பசையோ படக்கூடாது. செல்லோடேப்பின் பசை காலப்போக்கில் மஞ்சளித்துக் காகிதத்தில் ஊறிவிடும். கெட்டியான வெள்ளை அட்டை ஒன்றில், காகிதத்தால் மடித்த முக்கோண மூலைகளை ஒட்டி, படத்தின் நான்கு முனைகளையும் அவற்றில் செருகுங்கள். மூலைக்குள் சிறிது இடம் விட்டால் படம் உப்பவும் சுருங்கவும் வழி கிடைக்கும். பழுப்பு அட்டையும் செய்தித்தாளும் வேண்டா; அவற்றிலுள்ள லிக்னினும் அமிலமும் படத்திற்குக் கேடு.

மாட்டுவதற்குக் கடற்கரையிலேயே அருமையான பொருள் இருக்கிறது: தங்கூசி. வலைக்குப் பயன்படும் இந்த நைலான் இழை துருப்பிடிக்காது. சுவரின் இரு முனைகளுக்கிடையே அதை இழுத்துக் கட்டி, இரும்புச் சுருள் இல்லாத பிளாஸ்டிக் கிளிப்புகளால் அட்டையைத் தொங்கவிடலாம். அட்டைக்கும் சுவருக்கும் ஒரு விரற்கடை இடைவெளி இருக்கட்டும். மாதம் ஒருமுறை உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டுங்கள்.

பள்ளி மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே வண்ணப் படத்தில் மூன்று படிகள் எடுத்து, ஒவ்வொன்றிலும் பாதியைக் கெட்டி அட்டையால் மறையுங்கள். ஒன்றைச் சன்னலருகிலும், ஒன்றை உட்சுவரிலும், ஒன்றைப் பெட்டியிலும் வையுங்கள். ஆறு மாதம் கழித்து அட்டையை நீக்கி, மறைத்த பாதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சுவருக்குப் படி; பெட்டிக்கு மூலம்

எல்லாவற்றினும் முதன்மையான செய்தி இனிமேல்தான். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை குமரிக் கடற்கரையைத் தாக்கியது. 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தது. கடலுக்குச் சென்றவர்களில் பலர் திரும்பவில்லை. உடல்கூடக் கிடைக்காத வீட்டில், சுவரில் இருக்கும் படம் ஒன்றே அவர் முகம். அதற்கு நெகட்டிவும் இல்லை, வேறு படியும் இல்லை என்றால், செல்லோடேப்பில் தொங்குவது வெறும் காகிதம் அன்று.

ஆகவே நேரில் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், செல்பேசிக் கேமராவை நேராகப் பிடித்து, மூலப்படத்தைப் படம் எடுங்கள். அல்லது ஸ்கேன் செய்யுங்கள். அந்தக் கோப்பை வேறு ஊரில் இருக்கும் உறவினருக்கும் அனுப்பி வையுங்கள். அச்சிட்ட படியைச் சுவரில் மாட்டுங்கள். அது வெளுத்தால் மற்றொன்று அச்சிடலாம். மூலப்படத்தை வெள்ளைக் காகித உறையிலிட்டு, உட்சுவர் அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். மணம் வீசும் பி.வி.சி. உறை வேண்டா.

வெள்ளத்தில் நனைந்த படத்தையும் உடனே கைவிட வேண்டியதில்லை. 2011-இல் ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பின், யாமமோத்தோ என்ற ஊரில் மட்டும் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களைத் தொண்டர்கள் சேற்றிலிருந்து மீட்டுத் தூய்மை செய்தனர். முறை எளிது. நனைந்த படங்களை ஒன்றோடொன்று ஒட்டி உலரவிடாதீர்கள். முகத்தைத் தேய்க்காமல், குளிர்ந்த நல்ல தண்ணீரில் மெல்ல அலசி, நிழலில் கொடியில் தொங்கவிடுங்கள். நாள் கடந்தால் நுண்ணுயிர்கள் ஜெலட்டினைத் தின்றுவிடும். எனவே விரைவு தேவை. மைத்தெளிப்புப் படங்களை மட்டும் நீரில் இடாதீர்கள், மை கரையக்கூடும்.

இன்று மாலை உங்கள் வீட்டுச் சுவரை ஒருமுறை பாருங்கள். வேறு படி இல்லாத படம் எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். முதலில் அதைச் சுவரிலிருந்து மெல்ல இறக்குங்கள்.