துன்பமும் கடவுளும்: வில்லியம் ஜேம்ஸின் பார்வை

ஒரு கருத்து வாழ்க்கையில் என்ன மாறுதலை உண்டாக்குகிறது என்பதைக் கொண்டே அதன் பொருளை அறிய வேண்டும் என்பது பயன்வழிக் கொள்கை. அமெரிக்கத் தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் (1842–1910) இந்த அளவுகோலை மதத்துக்கும் பொருத்தினார்.

துன்பமும் ஒரு முழுமையான ஒழுங்கின் பகுதியே என்ற சமாதானத்தை அவர் ஏற்கவில்லை. 1907-இல் வெளியான ‘பிராக்மாடிசம்’ நூலில், வேலையிழந்து உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு குமாஸ்தாவைப் பற்றிய செய்தியை அதற்கு எதிராக வைத்தார்.

உலகின் மீட்சி உறுதியானதும் அல்ல, இயலாததும் அல்ல; முயன்றால் கைகூடலாம் என்றார். கடவுளை எல்லாம் வல்லவராக அன்றி, தீமையை எதிர்ப்பதில் மனிதருக்குத் துணைவராகக் கண்டார்.

ஆறுதல் தருவதாலேயே ஒரு நம்பிக்கை உண்மையாகிவிடாது என்று தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் போன்றோர், நம்பிக்கையின் பயனைக் கொண்டு அதன் உண்மையை அளக்கும் ஜேம்ஸின் அணுகுமுறையை மறுத்தனர்.