நெல்லின் கலம் துளிர்க்க மறுப்பது ஏன்?

இழைய வளர்ப்பில் பெறப்பட்ட வாழைக்கன்றுகள் நம் விவசாயிகளுக்குப் புதியனவல்ல. ஆயினும் வாழைக்குச் செய்வதை நெல்லுக்கும் அப்படியே செய்துவிட முடியாது. வாழையில் ஏற்கெனவே உள்ள குருத்து முனையே பெருக்கப்படுகின்றது. நெல், கோதுமை, சோளம் ஆகியவற்றிலோ விதையிலிருந்து அல்லது முதிராத முளையத்திலிருந்து உருவமற்ற கலத்திரளான மூடுபடையைப் பெற்று, அதிலிருந்து புதிதாகத் துளிரை எழுப்பவேண்டியுள்ளது. இத்தானியங்களின் பரம்பரையலகைத் திருத்த முனைவோர் பெரும்பாலும் இவ்வாசலைக் கடந்தேயாக வேண்டும்.

சிக்கலும் இங்குதான். ஒரே வளர்ப்பூடகத்தில், ஒரே ஓமோன் அளவில், ஓரினம் துளிர்க்கின்றது. மற்றோரினம் கபில நிறமாகி மடிகின்றது. ஊடகத்தை மாற்றி மாற்றிப் பார்ப்பதே நெடுங்காலம் ஆய்வாளரின் வழியாக இருந்தது. அது வீணென்று கூறமாட்டோம். ஆனால், இனங்களுக்கிடையிலான வேறுபாட்டுக்கு விடை பரம்பரையலகுகளிலேயே இருந்தது.

யப்பானிய ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு இதற்கு நல்ல சான்று. சுவைக்குப் பெயர்பெற்ற கொஷிஹிகரி நெல் இழைய வளர்ப்பில் எளிதில் துளிர்ப்பதில்லை. கசலத் என்னும் இனம் நன்கு துளிர்க்கும். இரண்டையும் கலப்புச் செய்து தேடியபோது, முதலாம் நிறமூர்த்தத்தில் உள்ள ஒரு பரம்பரையலகு அகப்பட்டது. அது துளிரை வடிவமைக்கும் பரம்பரையலகு அன்று. நைத்திரைற்றை அமோனியமாக மாற்றும் நொதியத்துக்குரியது! ஊடகத்திலுள்ள நைத்திரேற்றைக் கலங்கள் முதலில் நைத்திரைற்றாக மாற்றுகின்றன. அடுத்த படி மந்தமானால், தேங்கும் நைத்திரைற்று நஞ்சாகின்றது. கசலத்தின் பரம்பரையலகைப் பெற்ற கொஷிஹிகரி துளிர்த்தது.

பின்னர் வேறு வழிகளும் திறந்தன. வளர்ச்சியை நெறிப்படுத்தும் பரம்பரையலகுகளைச் சோளத்தில் பயன்படுத்திப் பெற்ற வெற்றி 2016இலும், கோதுமையில் பெற்ற வெற்றி 2020இலும் வெளியாகின. எனினும் அத்தகைய சில பரம்பரையலகுகள் ஓயாது இயங்கினால் பயிர் உருக்குலையும், மலடாகவும் கூடும். பணி முடிந்ததும் அவற்றை நீக்குவதோ அடக்குவதோ அவசியம்.

நம் வயல்களில் விளைபவை பெரும்பாலும் இண்டிகா நெல்லினங்கள். ஆய்வுகூடங்கள் விரும்புபவையோ நிப்பொன்பாரே போன்ற யப்பொனிக்கா இனங்கள். அங்கு திருத்தப்படும் ஒரு பண்பை இங்குள்ள இனத்துக்குக் கொண்டுவரப் பல தலைமுறைக் கலப்பு வேண்டும். அல்லது நம் இனமே குடுவையில் துளிர்க்கவேண்டும். இண்டிகா என்றாலே துளிர்க்காது என்று ஒதுக்குவதை நாம் ஏற்கவில்லை. இண்டிகாவுடன் சேர்த்தே நெடுநாள் எண்ணப்பட்டது கசலத். எனவே, பத்தலகொடவில் உருவான இனங்களையும் மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற பழைய இனங்களையும் தனித்தனியே சோதித்து, எது துளிர்க்கும், எது எப்படியில் தடைப்படும் என்று பதிந்துவைப்பதே முதல் வேலை. அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. விதையும் ஊடகமும் பொறுமையும் போதும்.