பச்சை வாந்தி சொல்லும் செய்தி

கைக்குழந்தை அழும்போது தொடையிடுக்கில் ஒரு வீக்கம் தோன்றுகிறது. அழுகை ஓய்ந்ததும் மறைந்துவிடுகிறது. மாணவர்களே, இது 'ஹெர்னியா' எனப்படும் குடலிறக்கமாக இருக்கலாம்.

ஏன் வருகிறது?

கருவில் ஆண் குழந்தையின் விரைகள் வயிற்றுக்குள்தான் உருவாகின்றன. பிறகு அவை ஒரு குறுகிய பாதை வழியாகக் கீழிறங்கி விரைப்பையை அடைகின்றன. அதன்பின் அப்பாதை மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால், குழந்தை அழும்போதும் முக்கும்போதும் ஏற்படும் அழுத்தம் குடலின் ஒரு பகுதியை அதற்குள் தள்ளும். ஆண் குழந்தைகளிடமும் குறைமாதக் குழந்தைகளிடமும் இது அதிகம்.

அறுவைச் சிகிச்சை

மருத்துவர் சிறு கீறல் இட்டு, குடலை உள்ளே அனுப்பி, பாதையைத் தையலிட்டு அடைக்கிறார். பெரும்பாலான குழந்தைகள் விரைவில் நலமடைகின்றன.

ஆனால், குடல் முன்பே அப்பாதையில் சிக்கி இறுகியிருந்தால் நிலைமை வேறு. இரத்த ஓட்டம் நின்று, குடலின் உயிரணுக்கள் மடியலாம். மடிந்த பகுதியை வெட்டி நீக்கி, இரு முனைகளையும் இணைத்துத் தைப்பார்கள். அந்த இணைப்பு பின்னர் கசியலாம் அல்லது சுருங்கலாம். காயம் ஆறும்போது உருவாகும் தழும்புத் திசு, குடலை இழுத்து மடக்கிவிடவும் கூடும். மடங்கிய ரப்பர் குழாயில் தண்ணீர் ஓடாததுபோல், அங்கே உணவும் நகராது. சிலருக்கு இந்த அடைப்பு பல மாதங்கள் கழித்தும் வரும்.

ஏன் பச்சை?

கல்லீரல் சுரக்கும் பித்தநீர் முன்சிறுகுடலில் வந்து கலக்கிறது. அதற்குக் கீழே அடைப்பு ஏற்பட்டால், போக வழியின்றிப் பித்தநீர் மேலேறிப் பச்சை வாந்தியாக வெளிவரும்.

மயக்க மருந்தின் விளைவாக, அறுவைக்குப் பின் ஓரிரு முறை வாந்தி வருவதுண்டு. ஆனால், அது பச்சையாக இருந்தால், 'வயிற்றில் காற்று' என்று ஓமத் தண்ணீர் கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. வயிறு உப்புதல், மலமும் காற்றும் வெளியேறாமை, மலத்தில் இரத்தம், காய்ச்சல், விடாத அழுகை ஆகியவையும் எச்சரிக்கைகளே. உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். குடலுக்கு இரத்தம் கிடைக்காத ஒவ்வொரு மணி நேரமும் இழப்புதான்.

பேசத் தெரியாத குழந்தை 'வலிக்கிறது' என்று சொல்லாது. தம்பி தங்கைக்கு டயப்பர் மாற்றும்போதும் வாந்தியைத் துடைக்கும்போதும் ஒரு நொடி நிறத்தைக் கவனியுங்கள். வாந்தி பச்சையாகவோ மலத்தில் இரத்தமோ தெரிந்தால், அம்மா அப்பாவிடம் அப்போதே சொல்லிவிடுங்கள்.