விமானத்தை நீட்டினால் என்ன ஆகும்?

பெரிய விமானத்தின் உடம்பு பெரும்பகுதி ஒரே விட்டமுள்ள குழாய். இறக்கைக்கு முன்னால் ஒரு துண்டு, பின்னால் ஒரு துண்டு சேர்த்தால் நீளமான விமானம் ரெடி. கேட்க இவ்வளவுதான். போயிங் 777 கதையைப் பார்த்தால் இது எங்கே இடிக்கிறது என்று புரியும்.

777-200இன் நீளம் 63.7 மீட்டர். அதை நீட்டிச் செய்த 777-300, 73.9 மீட்டர். பழைய 747களுக்கு மாற்றாக வந்தது. 1998இல் முதலில் வாங்கியது கேத்தே பசிபிக்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. 777-200ஈஆர் கிளம்பும்போது அதிகபட்சம் சுமார் 297 டன் இருக்கலாம். 777-300க்கு சுமார் 299 டன். உடம்பு 10 மீட்டர் வளர்ந்தும் அனுமதித்த எடை கிட்டத்தட்ட அதேதான். அப்போ கூடுதல் உலோகம், இருக்கை, ஆட்கள், பெட்டிகளின் எடையை எதில் கழிப்பது? எரிபொருளில்தான். 13,000 கிலோமீட்டர் பறந்த தூரம் 11,000 சொச்சமாகச் சுருங்கிவிட்டது. மொத்தம் விற்றது 60 விமானம்.

அதே நீளத்தை வைத்துக்கொண்டு போயிங் மறுபடி உட்கார்ந்தது. 2004இல் ஏர் பிரான்ஸிடம் போய்ச் சேர்ந்தது 777-300ஈஆர். இறக்கையின் அகலம் 60.9 மீட்டரிலிருந்து 64.8 ஆனது. ஜிஇ நிறுவனத்தின் இன்ஜின் ஒவ்வொன்றும் 1,15,000 பவுண்டு உந்துவிசை தரும். கிளம்பும் எடை 351 டன்னாக ஏறியது.

இன்னொரு தலைவலி வால். நீளமான விமானம் மூக்கைத் தூக்கினால் வால் ஓடுபாதையில் உரசும். குறைவாகத் தூக்கினாலோ மேலெழும்ப அதிக வேகம் வேண்டும், நீளமான ஓடுபாதையும் வேண்டும். இதற்கு விடை சக்கரத்தில் கிடைத்தது. இறக்கைக்குக் கீழே ஒவ்வொரு பக்கமும் முன்பின்னாக மூன்று ஜோடி சக்கரங்கள் உண்டு. கிளம்பும் நேரத்தில் ஒரு ஹைட்ராலிக் தண்டு அந்தத் தொகுதியைப் பூட்டிவிடும். விமானம் நடு அச்சில் சாயாமல் கடைசி ஜோடியை ஊன்றி எழும். நாம எக்கி நிற்கிற மாதிரிதான். உடம்பு கொஞ்சம் உயர்வதால் மூக்கை இன்னும் தூக்கலாம், வால் தப்பிக்கும்.

நீளம் கூடவில்லை. ஆனால் இந்த விமானம் 800க்கு மேல் விற்றது. அது கிளம்பும் வீடியோ கிடைத்தால் சக்கரங்களைக் கவனிங்க: கடைசியாகத் தரையை விடுவது அந்தப் பின் ஜோடிதான்.