பதினெட்டுச் சக்கர லாரிக்குப் பழகும் காலம்

அமெரிக்காவில் இழுவை வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த பெரிய லாரியை ஓட்ட ‘கிளாஸ் ஏ’ வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். சி.டி.எல். என்றால் அங்கே எல்லோருக்கும் தெரியும். சரக்கோடு இந்த வண்டி 80,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 36 டன், வரை இருக்கலாம். டிரெய்லரின் நீளம் மட்டும் பெரும்பாலும் 53 அடி. இவ்வளவு பெரிய வண்டியை முன்பு பல மாநிலங்களில் சாதாரணக் கார் உரிமத்தோடே ஓட்ட முடிந்தது. 1986இல் வந்த கூட்டாட்சிச் சட்டம்தான் அதை மாற்றியது. 1992 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் சி.டி.எல். கட்டாயமானது.

உரிமம் வாங்கத் தனியார் பள்ளியில் சேர்ந்தால் சில ஆயிரம் டாலர் செலவாகும். அவ்வளவு பணம் கையில் இல்லாதவர்கள் பெரிய சரக்கு நிறுவனங்கள் நடத்தும் பயிற்சிக்குப் போகிறார்கள். கட்டணத்தை நிறுவனமே ஏற்கும். பதிலுக்கு, பெரும்பாலும் ஓராண்டு, அங்கேயே வேலை செய்வதாக ஒப்பந்தம். இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தத் தொகை எவ்வளவு, மாதாமாதம் அது குறையுமா, ஆண்டுக் கணக்கு எந்த நாளில் தொடங்குகிறது என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கையெழுத்துப் போடும் அவசரத்தில் பலரும் படிக்காமல் விடும் வரிகள் இவைதாம்.

முதல் சில நாட்கள் காகிதத்திலும் மருத்துவப் பரிசோதனையிலும் கழியும். கண்பார்வை, காது, இரத்த அழுத்தம் எல்லாம் சோதிக்கப்பட்டு, அதிகபட்சம் 2 ஆண்டு செல்லும் சான்று கிடைக்கும். சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் தெரிந்தால் கதை அங்கேயே முடிந்தது. கஞ்சாவை அனுமதித்துள்ள மாநிலத்திலிருந்து வந்தவருக்கும் சலுகை இல்லை. லாரி ஓட்டுநருக்குக் கூட்டாட்சி விதியே செல்லும். மாநில எல்லை தாண்டி ஓட்டுபவருக்கு 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். சாலைப் பலகையைப் படிக்கவும் அதிகாரியின் கேள்விக்குப் பதில் சொல்லவும் போதிய ஆங்கிலமும் தெரிந்திருக்க வேண்டும்.

எழுத்துத் தேர்வில் தேறியவருக்குப் பழகுநர் அனுமதி கிடைக்கும். அது கையில் வந்து 14 நாள் கழியாமல் ஓட்டும் தேர்வுக்குப் போக முடியாது. 2022 பிப்ரவரி 7 முதல், பதிவுபெற்ற பயிற்சியகத்தில் பாடமும் ஓட்டும் பயிற்சியும் முடித்தால்தான் அந்தத் தேர்வே உண்டு. பாடத்தேர்வில் 80 விழுக்காடு எடுக்க வேண்டும். ஆனால் இத்தனை மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும் என்று அந்த விதி எதையும் சொல்லவில்லை. திறமை வந்துவிட்டதா என்று பயிற்றுநர் பார்த்துச் சொன்னால் போதும். விதியில் உள்ள பெரிய ஓட்டை இது. மூன்று நான்கு வாரத்தில் ஆளைத் தயாரித்து அனுப்புவதற்கு அது இடம் கொடுக்கிறது.

பயிற்சி மைதானத்துக்கு வந்ததும் வண்டியைக் கிளப்பத் துடிப்பவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கும். முதல் வேலை வண்டியைச் சுற்றி நடப்பது. விளக்கு, டயர், சக்கர நட்டு, பட்டை வில், பிரேக் குழாய் என ஒவ்வொன்றையும் கையால் தொட்டுக் காட்டி, அது எப்படி இருக்க வேண்டும் என்று உரக்கச் சொல்ல வேண்டும். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் விடுதி அறையிலும் இதைச் சொல்லிப் பார்ப்பார்கள்.

அடுத்தது காற்று பிரேக். காரில் பெடலை மிதித்தால் எண்ணெய் அழுத்தம் பிரேக்கைப் பிடிக்கிறது. லாரியில் அந்த வேலையைச் செய்வது அழுத்தப்பட்ட காற்று. அதோடு, வண்டியை நிறுத்திவைக்கும் பிரேக்கில் ஒரு வலுவான சுருள்வில் இருக்கிறது. காற்று அதை அமுக்கி வைத்திருக்கும்வரைதான் சக்கரம் உருளும். காற்று போனால் வில் விரிந்து பிரேக் தானே இறுகிவிடும். இதைப் பழகுநர் கண்ணாலேயே பார்க்கிறார். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, எஞ்சினை அணைத்து, சாவியை மட்டும் திருப்பிப் பெடலை மிதித்து மிதித்து விட வேண்டும். மானியில் முள் இறங்கும். சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டை ஒட்டி எச்சரிக்கை ஒலி கத்தத் தொடங்கும். இன்னும் மிதித்தால், 45க்கும் 20க்கும் இடையில், முகப்பில் உள்ள சிவப்பு எண்கோணக் குமிழும் மஞ்சள் சாய்சதுரக் குமிழும் பட்டென்று வெளியே தெறிக்கும்.

டிரெய்லரைக் கோப்பதும் இப்படித்தான், பார்த்துப் பார்த்துச் செய்யும் வேலை. இழுவை வண்டியின் முதுகில் ‘ஃபிஃப்த் வீல்’ என்ற தட்டு உண்டு. டிரெய்லரின் அடியில் தொங்கும் கிங்பின் அதன் தாடைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ள வேண்டும். ‘கிளிக்’ சத்தத்தை நம்பக்கூடாது. மெதுவாக முன்னே இழுத்துப் பார்த்துவிட்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் குனிந்து, தாடை பின்னைச் சுற்றி மூடியிருக்கிறதா, இரண்டு தட்டுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் கிளம்பியவரின் டிரெய்லர் தரையில் மூக்குக் குத்தி விழும்.

ஆனால் எல்லோரையும் வியர்க்க வைப்பது ரிவர்ஸ்தான். பின்னே போகும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். பல ஆண்டு கார் ஓட்டிப் பழகிய கைக்கு இது தலைகீழ்ப் பாடம். டிரெய்லர் திரும்பத் தொடங்கியதும் உடனே இழுவை வண்டியை அதன் பின்னாலேயே கொண்டுபோகாவிட்டால் இரண்டும் கத்திரிபோல் மடங்கிவிடும். நேராகப் போவது, பக்கத்துப் பாதைக்கு மாறுவது, சரக்கு மேடைக்குள் நுழைவதுபோல் வளைந்து போவது என்று கூம்புகளுக்கு நடுவே நாள் முழுதும் இதே வேலை. அமெரிக்காவில் ஓட்டுநர் இடப்பக்கம் உட்காருவதால், முடிந்தவரை அந்தப் பக்கமாகவே பின்னே எடுக்கச் சொல்வார்கள். வலப்பக்கத்தில் டிரெய்லரின் பின்முனை கண்ணாடியில்கூடத் தெரியாமல் போகும். சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பார்க்க வேண்டும். பின்னால் நின்று ‘வரலாம், வரலாம்’ என்று தட்டிச் சொல்ல அங்கே கிளீனர் கிடையாது.

சாலைக்கு வந்தால் வேறு கணக்கு. மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 88 கிலோமீட்டர், வேகத்தில் போகும் லாரி நிற்க, நல்ல சாலையிலும் குறைந்தது 450 அடி வேண்டும் என்கிறது உரிமக் கையேடு. கண்ணில் பட்டது ஆபத்து என்று புரிவதற்குள் 142 அடி, கால் பெடலுக்குப் போவதற்குள் 61 அடி, காற்று குழாயில் ஓடிச் சேர்வதற்குள் 32 அடி. உண்மையில் பிரேக் பிடிப்பது கடைசி 216 அடியில்தான். தேர்வுக்கு எந்த வண்டி என்பதும் முக்கியம்: ஆட்டோமேட்டிக் வண்டியில் தேர்வு கொடுத்தவரின் உரிமத்தில், கியர் வண்டி ஓட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு குறிக்கப்படும்.

தேறிய பிறகும் தனி வண்டி கிடைக்காது. அனுபவமுள்ள ஓட்டுநர் ஒருவரோடு சில வாரம் ஊர் ஊராகப் போக வேண்டும். இருவருக்கும் வீடு அந்தக் கேபின்தான்: பின்புறம் மேலும் கீழுமாக இரண்டு படுக்கை, குளியலுக்கு ‘டிரக் ஸ்டாப்’ எனும் சாலையோர லாரி நிறுத்தம். குறட்டை, சிகரெட், சுத்தம் பற்றியெல்லாம் ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்வது நல்லது. சில நிறுவனங்களில், பழகுநர் ஓட்ட, பயிற்றுநர் பின்னால் தூங்க, வண்டி இரவு பகலாக ஓடும். நிறுவனத்துக்கு மைல் சேரும். பழகுநருக்குப் பாடம் சேர்கிறதா என்பது சந்தேகம்.

மைதானத்தில் கிடைக்காத பாடம் இந்த வாரங்களில்தான் கிடைக்கிறது. ஒரு நாளில் 11 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அதையும் வேலை தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். 8 மணி நேர ஓட்டத்துக்குப் பின் அரை மணி இடைவெளி. அடுத்த நாள் தொடங்குமுன் 10 மணி நேர ஓய்வு. எஞ்சினோடு இணைந்த மின்னணுக் கருவி எல்லாவற்றையும் பதிவு செய்யும். கிடங்கில் சரக்குக்குக் காத்து நிற்கும் நேரமும் பெரும்பாலும் அந்த 14 மணியைத் தின்றுவிடுவதால், எங்கே நிறுத்தித் தூங்குவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்யக் கற்க வேண்டும். மாலை மங்கினால் டிரக் ஸ்டாப்புகள் நிரம்பிவிடும்.

எடையும் அப்படி. மொத்தம் 80,000 பவுண்டுக்குள் இருந்தால் மட்டும் போதாது. இழுவை வண்டியின் பின் அச்சு இரண்டிலும் சேர்த்து 34,000, டிரெய்லர் அச்சு இரண்டிலும் சேர்த்து 34,000 என்பது வரம்பு. கூடினால் டிரெய்லரின் சக்கரத் தொகுதியைத் துளை துளையாக நகர்த்தி, மீண்டும் எடைமேடையில் ஏற்றிப் பார்க்க வேண்டும். ஒரு துளைக்குச் சில நூறு பவுண்டு இடம் மாறும்.

இதெல்லாம் முடிந்து நிறுவனத்துக்குத் திரும்பினால் இன்னொரு முறை ஓட்டிக் காட்டச் சொல்வார்கள். அதிலும் தேறியவருக்குச் சாவியும், எரிபொருள் அட்டையும், முதல் சரக்கின் முகவரியும் தரப்படும். பக்கத்து இருக்கை காலியாக இருக்கும்.